ஒரு சாண் தண்ணீர்: ஆண்டீஸ் மேட்டின் ஜேம்ஸ் பூநாரை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பறவை ஜேம்ஸ் பூநாரை. பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா என்ற நான்கு நாடுகள் பங்குபோட்டு வைத்திருக்கும் ஆண்டீஸ் மேட்டுநிலத்தில், பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேலே வாழ்வது. அந்த ஊர்க்காரர்கள் 'பரினா சீக்கா', சின்னப் பரினா என்பார்கள். கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வருகிற நம் பெரும் பூநாரைக்குத் தூரத்துச் சொந்தம். அதைவிடக் குள்ளம், ஏறக்குறைய 90 செ.மீ. உயரம், 2 கிலோ எடை. அலகு நல்ல மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு. கால் செங்கல் நிறம். அதே ஏரிகளில் இன்னும் இரண்டு வகைப் பூநாரைகள் உண்டு. ஆண்டீஸ் பூநாரைக்குக் கால் மஞ்சள். உலகத்திலுள்ள ஆறு வகைப் பூநாரைகளில் மஞ்சள் கால் அதற்கு மட்டும்தான். சிலி பூநாரைக்குச் சாம்பல் கால், மூட்டு மட்டும் இளஞ்சிவப்பு. மூன்றும் கலந்து மேயும்போது காலைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம், தண்ணீருக்கு மேலே கால் தெரிகிற வரைக்கும்.

இந்தப் பறவையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் உயரத்தில் தொடங்குகிறார்கள். நாலாயிரம் மீட்டர், மெல்லிய காற்று, உறைபனி, சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிர். ஆவணப்படங்களில் 'நரகம்' என்ற சொல் வராமல் இருக்காது. எனக்கு அதில் கொஞ்சம் சலிப்பு. அந்த உயரம் மூச்சு வாங்குகிற நமக்குத்தான் வியப்பு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம். பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். உள்ளே போனது அதே வழியில் திரும்பி வந்து புதுக் காற்றோடு கலப்பதில்லை. அதனால் குறைந்த பிராணவாயுவையும் நம்மைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உயரத்தைப் பற்றி இவ்வளவு போதும். இந்தப் பறவையின் பிழைப்பைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். அது மேய்கிற இடத்தில் தண்ணீர் ஒரு சாண், சில இடங்களில் அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஆண்டீஸ் மலைத்தொடர் நடுப்பகுதியில் இரண்டு கிளையாகப் பிரிந்து, இடையில் ஒரு பெரிய மேட்டுநிலத்தை வைத்திருக்கிறது. அல்டிபிளானோ என்பது அதன் பெயர். தெற்கே போகப்போக மழை குறைந்துகொண்டே போகும். அங்கே விழுகிற மழையும் உருகுகிற பனியும் கடலுக்குப் போக வழி கிடையாது. பள்ளத்தில் தேங்கி, வெயிலிலும் காற்றிலும் ஆவியாகும். தண்ணீர் போய்விடும், அது கொண்டுவந்த உப்பு தங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்ததில் சில பள்ளங்கள் முழுக்க உப்பாகிவிட்டன. ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயூனி உப்புவெளி அப்படி உண்டானதுதான். வேறு சில பள்ளங்களில் ஆழமில்லாத உப்பேரிகள் மிஞ்சின.

சுற்றிலும் எரிமலைகள். எரிமலைப் பாறைகளைக் கழுவிக்கொண்டு வரும் ஊற்றுநீரில் மூன்று பொருள்களைக் கவனியுங்கள்: போரான், லித்தியம், சிலிக்கா. முதல் இரண்டையும் பிறகு பார்ப்போம். சிலிக்கா என்பது கண்ணாடியின் மூலப்பொருள். டயாட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி தன் உடலைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்வது இந்தச் சிலிக்காவால்தான். ஏரி அடிச்சேற்றின் மேல் வெயில் படுகிற இடமெல்லாம் டயாட்டம் படர்ந்து வளரும். ஒளி அடிவரை எட்ட வேண்டுமானால் தண்ணீர் ஆழமில்லாமல் இருக்க வேண்டும்.

இந்த ஏரிகளில் பெயர்பெற்றது பொலிவியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள லகுனா கொலராடா, அதாவது செந்நிற ஏரி. 4,278 மீட்டர் உயரத்தில், சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பு. நடுநடுவே வெள்ளை வெளேரென்று போராக்ஸ் திட்டுகள்; முன்பு சொன்ன போரானின் உப்பு அது. தண்ணீரின் சிவப்புக்குப் பாசிகளின் நிறமியும் வண்டலும் காரணம். அவ்வளவு பரந்த ஏரியில் பெரும்பகுதியை ஒரு மனிதன் முழங்கால் நனைய நடந்தே கடந்துவிடலாம். ஜேம்ஸ் பூநாரையின் மிகப் பெரிய இனப்பெருக்கக் கூட்டம் இங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்த 'நரகம்' விஷயம். உப்பும் குளிரும் மிகுந்த இந்த ஏரிகள் பலவற்றில் மீன் இல்லை. மீன் இருந்தால் தண்ணீரில் உள்ள சிற்றுயிர்களை அது தின்றுவிடும். ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் என்ற அமெரிக்க ஏரியியல் அறிஞர் பெருவின் ஆண்டீஸ் ஏரிகளை ஒப்பிட்டு 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மீன் உள்ள ஏரிகளைச் சிலி பூநாரைகள் பெரும்பாலும் ஒதுக்கின. மீன் இல்லாத ஏரிகளில் கூடின. ஆக, நாம் பார்த்து இரக்கப்படுகிற உப்பும் குளிரும்தான் இந்தப் பறவைகளுக்குப் போட்டியில்லாத சமையற்கட்டைத் திறந்து வைத்திருக்கின்றன. உப்பைச் சமாளிக்கத் தலையில் உப்பு வெளியேற்றும் சுரப்பி இருக்கிறது. ஏரி ஓரத்து ஊற்றுகளில் நல்ல தண்ணீரும் கிடைக்கிறது. பிறகு என்ன குறை?

சாப்பிடும் கருவிக்கு வருவோம். எனக்கு இந்தப் பறவையிடம் மிகப் பிடித்தது அதன் அலகு. பூநாரை தலையைக் கவிழ்த்துத்தான் மேயும். மேலலகு அடியிலும் கீழலகு மேலுமாகத் தண்ணீரில் இருக்கும். தடித்த நாக்கு உந்துதண்டுபோல் முன்னும் பின்னும் போகும். பின்னே இழுக்கும்போது தண்ணீர் உள்ளே வரும், முன்னே தள்ளும்போது அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியே வெளியேறும். உணவு உள்ளே தங்கிவிடும். நொடிக்குப் பல முறை இப்படி நடக்கிறது. பெனலோப்பி ஜென்கின் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் 1957-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வில் இந்த இயக்கத்தையும் தகடுகளின் அமைப்பையும் பிட்டுப்பிட்டு வைத்தார். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம் வீட்டில் ரவைக்கு ஒரு சல்லடை, கோதுமை மாவுக்கு ஒரு சல்லடை, பட்டுத்துணியில் சலிக்கிற நைசுக்கு ஒரு வழி என்று இருக்குமல்லவா, மூன்று பூநாரைகளுக்கும் அப்படித்தான். சிலி பூநாரையின் சல்லடைக் கண் பெரிது. உப்புநீர் இறால், சிறிய ஓட்டுயிர்கள், பூச்சிப்புழுக்கள் ஆகியவை அதற்கு இரை. ஆண்டீஸ் பூநாரை பெரிய டயாட்டங்களைப் பிடிக்கிறது. ஜேம்ஸ் பூநாரையின் தகடுகள் மிக நெருக்கமானவை. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத பொடி டயாட்டங்களையும் அது அள்ளிவிடும். பூநாரைக் குடும்பத்திலேயே மிக நுண்ணிய வடிகட்டிகளில் ஒன்று அதனுடையது. மூன்றும் ஒரே ஏரியில் தோளோடு தோள் உரசி மேய்ந்தும் சண்டை பெரிதாக இல்லாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

அலகின் வடிவத்திலும் இந்த வேறுபாடு தெரியும். ஜேம்ஸ், ஆண்டீஸ் இரண்டுக்கும் மேலலகு ஒடுக்கமாகி, கீழலகின் ஆழமான தொட்டிக்குள் பதிந்து உட்காரும். அதனால் தகடுகள் பதிய இடம் அதிகம். ஆப்பிரிக்காவிலும் நம் கட்ச் உப்புவெளியிலும் வாழ்கிற சிறு பூநாரைக்கும் இதே அமைப்பு. மரபணுவும் அதையே சொல்கிறது: ஜேம்ஸ் பூநாரைக்கு நெருங்கிய உறவு, பக்கத்தில் நின்று மேய்கிற சிலி பூநாரையைவிட, கடல்கடந்து இருக்கும் சிறு பூநாரையோடுதான். இன்னொரு சிறிய விஷயம்: சிலி பூநாரைக்குப் பின்விரல் உண்டு, ஜேம்ஸுக்கும் ஆண்டீஸுக்கும் அது கிடையாது. மூன்று விரல்தான்.

இந்த அலகுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஜேம்ஸ் பூநாரை அடிச்சேற்றின் மேல் படிந்த டயாட்டத்தைத்தான் முதன்மையாகத் தின்கிறது. நடந்துகொண்டே, தலையைக் கவிழ்த்து, அலகு சேற்றைத் தொடும்படி மேய வேண்டும். கால் நீளமும் கழுத்து நீளமும் ஒத்துவருகிற ஆழத்தில்தான் இது நடக்கும். தண்ணீர் அந்த ஆழத்தைத் தாண்டினால் சேறு எட்டாமல் போகும். வற்றினால் டயாட்டம் காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிடும். நீந்தத் தெரியாதா என்றால் தெரியும். ஆனால் மிதந்துகொண்டு அடியை மேய்வது எளிதல்ல.

மேய்வதும் வெறும் உறிஞ்சல் இல்லை. 2025-இல் வெளியான ஆய்வொன்றில், வளர்ப்பிலுள்ள சிலி பூநாரைகளைக் கண்ணாடித் தொட்டியில் மேயவிட்டுப் படமெடுத்தார்கள். கால்களை மிதித்து அடிவண்டலைக் கிளப்புகின்றன. தலையைச் சட்டென்று தூக்கி நீரில் சுழல் உண்டாக்குகின்றன. அலகைத் தாளமிட்டு இன்னும் சிறு சுழல்களால் இரையை உள்ளே இழுக்கின்றன. ஜேம்ஸ் பூநாரையிடம் இதே சோதனையைச் செய்யக் கூண்டில் அந்தப் பறவை அகப்படுவது அரிது. அது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கூட்டம் ஏரியை எவ்வளவு மாற்றுகிறது என்று கேட்டால், அதற்கும் ஹர்ல்பெர்ட்டே பதில் வைத்திருக்கிறார். சாங் என்பவரோடு சேர்ந்து, ஆண்டீஸ் பூநாரை மேய்கிற ஏரியின் சில பகுதிகளை வேலியடைத்துப் பறவை நுழையாமல் தடுத்தார். அடைத்த இடத்தில் பெரிய டயாட்டங்களும் நுண்ணுயிர்களும் பெருகின. திறந்த இடத்தில் பறவை அவற்றைக் குறைத்தே வைத்திருந்தது. 1983-இல் வெளியான இந்த ஆய்வு, ஏரிக்கும் பறவைக்குமான கணக்கு இரண்டு பக்கமும் ஓடுவது என்று காட்டியது. ஆட்டுக்கிடை போட்ட வயலைப் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த டயாட்டங்களிலும் பாசிகளிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள்தான் சிறகில் ஏறி இளஞ்சிவப்பாகின்றன. குஞ்சு பொரியும்போது சாம்பல் நிறம். நிறம் பிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

பெயர்க்கதை கொஞ்சம். ஆண்டீஸ் பூநாரையை ஜெர்மனியில் பிறந்து சிலியில் குடியேறிய பிலிப்பி 1854-இலேயே விவரித்துவிட்டார். ஜேம்ஸ் பூநாரை அதற்குள் ஒளிந்துகொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனி இனமாகத் தெரியாமலே இருந்தது. சிலியில் வெடியுப்புச் சுரங்கத்தை நிர்வகித்த ஹாரி பெர்க்லி ஜேம்ஸ் என்ற ஆங்கிலேயர் பறவைப் பித்தர். அவர் செலவில் கார்லோஸ் ராமர் என்ற சேகரிப்பாளர் தாராபாக்கா மலைப்பகுதிக்குப் போய்க் கொண்டுவந்த பறவைகளை லண்டனில் ஆராய்ந்த ஸ்கிளேட்டர், 1886-இல் செலவு செய்தவர் பெயரையே வைத்துவிட்டார். மலையேறி உப்பில் நடந்து பிடித்துக்கொண்டு வந்தவர் பெயரை வைக்கவில்லை. அறிவியல் பெயர்சூட்டலில் இது வழக்கம்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பிறகு இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பறவை காணாமலே போயிற்று. அழிந்துவிட்டது என்றே பலர் முடிவுகட்டினார்கள். 1957-இல் ஜான்சன், பென், மில்லி என்ற மூவர் சிலியிலிருந்து லகுனா கொலராடா வரை போனார்கள். அங்கே கூடுகளும் முட்டைகளுமாக ஒரு முழுக் குடியிருப்பே இருந்தது. உலகத்துக்குத்தான் அது தொலைந்த பறவை. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் ஆண்டுதோறும் அதன் முட்டையை எடுத்துத் தின்றும் விற்றும் வந்தார்கள். அறிஞர்கள் ஊராரை விசாரித்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

இனப்பெருக்கம் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் நடக்கும். தென்கோளத்தில் அது கோடை; மேட்டுநிலத்துக்கு மழைக்காலமும் அதுவே. சேற்றைக் குவித்துச் சிறு மேடாகக் கூடு கட்டி, ஒரே ஒரு முட்டை இடும். தாயும் தகப்பனும் மாறிமாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். இங்கேயும் ஆழம்தான் பேசுகிறது. கூடு கட்ட ஈரச்சேறு வேண்டும். மழை பொய்த்தால் சேறு இறுகிவிடும். திட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றால் ஆண்டீஸ் நரி எட்டாது. வற்றினால் நடந்தே வந்து முட்டையை எடுத்துப் போகும். மழை மிஞ்சினாலோ கூடே மூழ்கும். அதனால் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி குஞ்சு பொரிப்பதில்லை. சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில், சில ஆண்டுகளில் அநேகமாக ஒன்றுமில்லை.

பொரித்த குஞ்சின் அலகு நேராக இருக்கும். வளைந்து, தகடுகள் முளைத்து, சலிக்கத் தெரிவதற்குள் வாரக்கணக்காகும். அதுவரை பெற்றோர் இருவரும் தீனிப்பையில் ஊறும் பாலைப் புகட்டுவார்கள். புறா செய்வதும் இதுதான். பூநாரைப் பால் சிவப்பாக இருக்கும். பெற்றோர் உடம்பிலிருந்த நிறமி அதில் இறங்கிவிடுவதால் அவை வெளுத்துப்போகும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் பெருங்கூட்டமாகச் சேர்க்கப்படும். சில பெரியவை காவல் நிற்க, மற்றவை மேயப் போகும். திரும்பி வந்து தன் குஞ்சை அதன் குரலை வைத்துக் கண்டுபிடிக்கும்.

குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகிறது. ஏரியின் மேற்பரப்பு உறையும். கால் பனிக்கட்டியில் சிக்கி, வெயில் ஏறும்வரை பறவைகள் அப்படியே நிற்பதும் உண்டு. காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும் ஏறிவரும் குளிர்ந்த இரத்தமும் உரசிக்கொண்டு ஓடுவதால் உடம்புச் சூடு வீணாவதில்லை. ஒரு காலை மடித்து இறகுக்குள் வைத்தால் இழப்பு இன்னும் குறையும். ஒற்றைக் காலில் நிற்பதற்குப் பெரிய முயற்சியும் வேண்டாம்: அட்லாண்டாவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2017-இல், இறந்த பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக் காலில் தானாக நிற்கவைக்க முடிகிறது, இரண்டு காலில்தான் முடியவில்லை என்று காட்டினார்கள். வெந்நீர் ஊற்று கலக்கும் ஓரங்கள் உறையாமல் இருக்கும். குளிரில் தங்கிவிடும் பறவைகளுக்கு அவைதான் புகலிடம். மற்றவை தாழ்ந்த ஏரிகளுக்கு இறங்கிவிடும். ஆக, இந்த இனம் ஓர் ஏரியை நம்பி வாழ்வதில்லை. நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிற பல ஏரிகளில், இந்த ஆண்டு எங்கே ஒரு சாண் நிற்கிறதோ அங்கே போய் நிற்கிறது.

போன நூற்றாண்டின் அச்சுறுத்தல் முட்டைத் திருட்டு. லகுனா கொலராடாவைச் சுற்றி 1973-இல் எதுவார்தோ அவரோவா காப்பகம் ஏற்படுத்தியபின், அது பெரும்பாலும் அடங்கியது. இன்று ஜீப்புகளில் வருகிற சுற்றுலாப் பயணிகளால் தொந்தரவு உண்டு. கூட்டத்தைப் பறக்கவிட்டால்தான் படம் அழகாக வரும் என்று ஹாரன் அடிக்கிறவர்களை என்ன செய்வது?

பெரிய ஆபத்து தண்ணீருக்குத்தான். பொலிவியாவின் இரண்டாவது பெரிய ஏரியாயிருந்த பூப்போ 2015 டிசம்பரில் வற்றிப்போனதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வந்த ஆற்றுநீரைப் பாசனத்துக்கும் சுரங்கங்களுக்கும் திருப்பியதும், வறட்சியும், ஏறிவரும் வெப்பமும் சேர்ந்து செய்த வேலை. அந்த ஏரி பரப்பில் பெரியது, ஆழத்தில் அற்பம். அப்படிப்பட்ட ஏரி மறைய அதிக காலம் வேண்டியதில்லை.

தொடக்கத்தில் ஒத்திவைத்த லித்தியத்துக்கு வருகிறேன். நம் கைப்பேசியிலும் மின்வண்டியிலும் உள்ள பாட்டரிக்கான லித்தியத்தில் பெரும் இருப்பு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா மூன்றும் சந்திக்கிற இந்த உப்புவெளிகளின் அடியில்தான். சிலியின் அட்டகாமா உப்புவெளியில் நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பெருந்தொட்டிகளில் மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். தண்ணீர் வானத்துக்குப் போகிறது, லித்தியம் தங்குகிறது. பூநாரை மேயும் குட்டைகள் உப்புவெளியின் ஓரத்தில், மலையிலிருந்து வரும் நன்னீர் கனத்த உப்புநீரின் மேல் ஏறி வெளிப்படுகிற இடத்தில் இருக்கின்றன. நடுவில் இறைத்தால் ஓரம் குறையுமா? குறையாது, இரண்டும் வேறு வேறு என்பது இறைக்கிறவர்கள் தரப்பு. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு சிலியின் ஐந்து உப்பேரிகளைப் பல ஆண்டுத் தரவுகளோடு ஒப்பிட்டது. வட்டாரம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பறவைகளின் எண்ணிக்கை ஏறி இறங்கியதே தவிர, தொடர்ந்து சரியவில்லை. அட்டகாமாவில் மட்டும் பதினொரு ஆண்டுகளில் ஜேம்ஸ், ஆண்டீஸ் இரண்டும் 10 முதல் 12 சதவீதம் குறைந்திருந்தன. இதை வைத்து ஒட்டுமொத்தத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் பறவை வேறு ஏரிக்கு இடம்பெயர்ந்து தப்பித்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்த வேறு ஏரிகளிலும் குழாய் இறக்கினால் எங்கே போகும் என்ற கேள்வி நிற்கிறது. அவற்றில் பலவற்றுக்கு இப்போது ஏலம் பேசுகிறார்கள்.

கூண்டில் வளர்த்துக் காப்பாற்றலாமே என்று யாராவது கேட்பீர்கள். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் சரணாலயத்தில் ஆண்டீஸ் பூநாரைகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. 2018-இன் வெப்ப அலையில், 2003-க்குப் பிறகு முதல் முறையாக ஆறு பறவைகள் ஒன்பது முட்டை இட்டன. ஒன்றிலும் கரு இல்லை. தாய்மை உந்தல் வீணாகாமலிருக்கச் சிலி பூநாரை முட்டைகளைக் கொடுத்து அடைகாக்க விட்டார்கள். ஜேம்ஸ் பூநாரை அதைவிட அரிய விருந்தாளி. கூண்டு வழி இப்போதைக்கு அடைபட்ட வழி.

எண்ணிக்கை? 1990-களின் நடுப்பகுதிவரை ஆளாளுக்கு ஒரு கணக்கு. பிறகு நான்கு நாட்டு ஆய்வாளர்களும் வனக்காவலர்களும் உயர் ஆண்டீஸ் பூநாரைகளுக்காக ஒரு குழு அமைத்து, எல்லா ஏரிகளிலும் ஒரே நாட்களில் எண்ணத் தொடங்கினார்கள். ஒரே நாட்களில் எண்ணாவிட்டால் நேற்று சிலியில் எண்ணிய பறவையையே இன்று பொலிவியாவில் மறுபடி எண்ணுவோம். ஜேம்ஸ் பூநாரை ஏறத்தாழ ஒரு லட்சம் இருக்கிறது. 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனம் என்ற பட்டியலில் உள்ளது. ஆண்டீஸ் பூநாரை அதில் பாதிகூட இல்லை. 'அழியக்கூடிய நிலை'யில் வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சம் என்றதும் நிம்மதி அடைய வேண்டாம். பூநாரைகள் பல பத்தாண்டுகள் வாழும். பத்து வருடம் குஞ்சே பொரிக்காவிட்டாலும் ஏரியில் கூட்டம் குறையாமல் தெரியும்; கிழங்களை எண்ணிக்கொண்டிருப்போம். அதனால் கூட்டத்தோடு சாம்பல் நிறக் குஞ்சுகளையும் தனியே எண்ணுவது முக்கியம்.

அதோடு என் பங்குக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஏரியின் பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்துவிடலாம். ஆழத்துக்கு யாராவது அளவுகோலோடு சேற்றில் இறங்கத்தான் வேண்டும். ஓரக்குட்டைகளின் ஆழக் கணக்கையும், அதே மாதத்தில் இறைத்த உப்புநீரின் கணக்கையும் ஒரே தாளில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடட்டும். இரண்டும் வேறு வேறு தண்ணீர் என்பது உண்மையானால் அந்தத் தாளே அதைச் சொல்லிவிடும்.

கேள்வி கேட்க அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மின்வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கேட்கலாம்.